ஆர்டன்வில் பள்ளியின் முதல் காவலாசிரியர்

நகல் எடுக்கக் கூடுதலாகக் கொஞ்சம் காகிதம் கேட்கலாம் என்று பள்ளி வாரியக் கூட்டத்துக்குப் போன வெர்னா லிண்ட்குவிஸ்ட், துப்பாக்கி ஏந்தும் பொறுப்போடு வீடு திரும்பியதற்குக் காரணம் ஒரு பேனா.

வாசலில் இருந்த மேஜையில் இரண்டு தாள்கள் கிடந்தன. ஒன்று கூட்டத்தில் பேச விரும்புகிறவர்களுக்கு. இன்னொன்று புதிய திட்டத்துக்கு முன்வருகிறவர்களுக்கு. பேனாவை யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று மேஜைக் காலில் நூல் போட்டுக் கட்டியிருந்தார்கள். நூல் இடதுபக்கத் தாள் வரைக்கும்தான் எட்டியது. வெர்னா மூக்குக் கண்ணாடியைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். எட்டிய தாளில் பெயரை எழுதிவிட்டு உள்ளே போனாள்.

அவளுக்கு ஐம்பத்தேழு வயது. இருபத்தொன்பது வருடமாக நான்காம் வகுப்பு ஆசிரியை. நெப்ராஸ்காவின் மக்காச்சோள வயல்களுக்கு நடுவே இருக்கும் அந்தச் சின்ன ஊரில் பாதிப் பேருக்கு வகுத்தல் கணக்கு சொல்லிக் கொடுத்தது அவள்தான். மீதிப் பாதிக்கு இன்னும் வகுத்தல் வராது.

கூட்டம் பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. மதியம் போட்ட பீட்ஸாவின் வாடை இன்னும் போகவில்லை. வாரியத் தலைவர் ராய்ஸ் டிம்மர்மன் வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்புகள் விற்பவர். பெரிய உடம்பு, பெரிய குரல். மைக் தேவையில்லாத ஆள்தான். ஆனாலும் அதை விடமாட்டார்.

நான்காவது பொருள், வகுப்பறைகளில் வைக்கும் கதைப் புத்தகங்கள்.

"ஒரு பிள்ளை கையில எந்தப் புத்தகத்தைக் குடுக்கலாம்னு ஒரே ஒரு டீச்சர் முடிவு பண்றதா?" என்றார் ராய்ஸ். "ரொம்ப ஆபத்துங்க. அவங்களும் மனுஷங்கதானே, அவசரத்துல தப்பு நடந்துடும். ஏழு பேர் கமிட்டி போடுவோம். ஏழு பேரும் படிச்சு, கையெழுத்துப் போட்டு, தொண்ணூறு நாள் ஆறப்போட்டு, அப்புறமா குடுப்போம்."

தீர்மானம் நிறைவேறியது.

ஐந்தாவது, நகல் இயந்திரம். பள்ளிக் கண்காணிப்பாளர் டாக்டர் ப்ரெண்ட் ஹாலோவெல் எழுந்தார். மெலிந்த மனிதர், எந்தக் காகிதத்தையும் ஓரம் சேர்த்துத் தட்டி அடுக்கிய பிறகே வாய் திறப்பார். "இயந்திரத்தோட ரகசிய எண்ணை டீச்சர்கள்கிட்ட குடுத்து வச்சா இஷ்டத்துக்கு அமுக்குறாங்க. இனிமே ஆளுக்கு வாரம் நாப்பது தாள். அதுக்கு மேல வேணும்னா என் கையெழுத்து வேணும்."

வெர்னா கையைத் தூக்கினாள். அவள் வகுப்பில் இருபத்துமூன்று பிள்ளைகள். ஆளுக்கு இரண்டு தாள் வருகிற தேர்வு ஒன்று வைத்தாலே வாரப் பங்கு தீர்ந்துவிடும். ஹாலோவெல் பட்டியலைப் பார்த்தார். "பேசறவங்க பட்டியல்ல உங்க பேர் இல்லையே, மிஸஸ் லிண்ட்குவிஸ்ட்" என்றார். அவள் கையை இறக்கிக்கொண்டாள்.

ஆறாவது, காவலாசிரியர் திட்டம். பள்ளிக்குள் யாராவது துப்பாக்கியோடு புகுந்தால் எதிர்த்து நிற்க, ஆசிரியர்களுக்கே துப்பாக்கி கொடுப்பது. ராய்ஸ் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"நம்ம டீச்சர்கள் மேல எனக்கு அசைக்க முடியாத நம்பிக்கைங்க. அந்த ஒரு நொடியில, யாரையும் கேக்காம, கமிட்டி கிமிட்டி எதுவும் இல்லாம, தானா முடிவெடுக்கிற பக்குவம் அவங்களுக்கு இருக்கு."

யாராவது சிரிக்கிறார்களா என்று வெர்னா திரும்பிப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை.

பிறகு விவாதம். பன்றிப் பண்ணை வைத்திருக்கும் ஒருவர் எழுந்து, "பிள்ளைங்களுக்குக் கத்தரிக்கோல் குடுத்தாலே முனை மழுங்கினதாப் பாத்துக் குடுக்கறோம். அந்த ரூமுக்குள்ள இதைக் கொண்டு வைக்கணுமா?" என்று கேட்டார். பாதிக் கூடம் கை தட்டியது. அடுத்து ஜோலீன் க்ரூகர் எழுந்தாள். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் மகன் வெர்னாவின் வகுப்பு.

"நமக்குப் போலீஸ்னா ஷெரிஃப் ஆபீஸ்தான், அது இங்கேருந்து முப்பத்தஞ்சு மைல்" என்றாள். "பனி கொட்டினா ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் என் பையன்கூட யார் இருப்பா? எனக்கு அதை மட்டும் சொல்லுங்க."



ராய்ஸ் வாசல் மேஜைத் தாளை எடுத்துவரச் சொன்னார். முன்பக்கம் பார்த்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "முன்வந்தவங்க... ஒரே ஒருத்தர். ஆனா என்ன மாதிரி ஒருத்தர்! வெர்னா லிண்ட்குவிஸ்ட்!"

தவறு நடந்துவிட்டது என்று சொல்வதற்காக வெர்னா எழுந்தாள். அவள் எழுந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கூடமே எழுந்தது. சொல்ல வாயைத் திறப்பதற்குள் ஜோலீன் ஓடிவந்து அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"நீங்களா, மிஸஸ் லிண்ட்குவிஸ்ட்! இனிமே எனக்குத் தூக்கம் வரும்."

இப்படி ஒருத்தி சொன்ன பிறகு, கண்ணாடியைக் காரில் மறந்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? வெர்னா உட்கார்ந்துவிட்டாள்.

ஹாலோவெல் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். "முக்கியமான விஷயம். காவலாசிரியர் யார்ங்கறது பரம ரகசியம். சட்டப்படி யாருக்கும் தெரியக் கூடாது." இருநூறு பேரும் தலையாட்டினார்கள். மூலையில் உள்ளூர்த் தொலைக்காட்சியின் கேமராவும் சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நின்றது.

வீட்டில் அவள் கணவன் ஆர்லோ தொலைக்காட்சியை அணைத்துவிட்டுத் திரும்பினான். "வந்துட்டியா, பரம ரகசியம்?"

"கிண்டல் பண்ணாதே."

"காகிதம் குடுத்தாங்களா?"

"இல்லே. துப்பாக்கி குடுக்கறாங்களாம்."

"கேட்டது காகிதம்தானே?"

"காகிதத்துக்குக் கண்காணிப்பாளர் கையெழுத்து வேணும்."

ஆர்லோ தானியக் கிடங்கில் எடை போடுகிற வேலை செய்பவன். எதையும் ஒரு நிமிஷம் தட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுவான். "நாளைக்குப் போய் நான் வரலேன்னு சொல்லிடு."

"ஜோலீன் அழுதா, ஆர்லோ."

ஆர்லோ எழுந்து அவளுக்குச் சாப்பாட்டைச் சூடாக்கப் போனான்.

அந்த வாரப் பத்திரிகை ரகசியத்தை ஒழுங்காகக் காப்பாற்றியது. 'பெயர் வெளியிட முடியாத நான்காம் வகுப்பு ஆசிரியை' என்றே எழுதியது. ஊரில் ஒரே ஒரு நான்காம் வகுப்புதான். படத்தில் முகத்தை மட்டும் மங்கலாக்கியிருந்தார்கள். அவள் தினமும் போடுகிற கடுகு மஞ்சள் கம்பளிச் சட்டை பளிச்சென்று தெரிந்தது. டோனட் கடை டாட்டி, காபியை மேஜையில் வைத்துவிட்டுக் குனிந்து சொன்னாள்: "எனக்கு ஒண்ணுமே தெரியாது, கண்ணு. ஆனா அந்தக் கைப்பையை மட்டும் இந்தப் பக்கம் திருப்பி வைக்காதே."

பயிற்சி மூன்று நாள், ஊருக்கு வெளியே ஒரு பழைய ஜல்லிக் குழியில். சொல்லிக் கொடுத்தவர் டுவேன் காட்ஸ். முப்பது வருடம் ஷெரிஃபின் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அட்டையில் வரைந்த மனிதனை நோக்கி வெர்னா முதல் நாள் பன்னிரண்டு தடவை சுட்டாள். அட்டை மனிதன் அப்படியே இருந்தான். பின்னால் இருந்த மண்மேட்டுக்குத்தான் பலத்த சேதம். மூன்றாம் நாள் அட்டை மனிதனின் தோளில் இரண்டு குண்டு பட்டது. டுவேன் மனதாரப் பாராட்டினார்.

"நிஜத்துல இது இப்படி அசையாம நிக்குமா?" என்று வெர்னா கேட்டாள்.

டுவேன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "நிக்காதும்மா. ஓடும். சுத்தி எல்லாரும் ஓடுவாங்க, அலறுவாங்க. புகையா இருக்கும். முப்பது வருஷ சர்வீஸ் போட்டவனுக்கே குறி தப்பும்."

"சுத்தி ஓடறது என் பிள்ளைங்களாச்சே. அப்ப நான் என்ன பண்ணணும்?"

"பரீட்சைத் தாள்ல 'நிதானமாக இருத்தல்'னு எழுதுங்க. அதுதான் சரியான விடை. நிஜமா என்ன பண்ணணும்னு என்னைக் கேட்டா..." அவர் ஜல்லிக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். "பரீட்சையில அந்தக் கேள்வி வராது."

வெர்னா நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கினாள். வினாத்தாளில் இருந்த ஐந்து எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்ததால் இரண்டு மதிப்பெண் குறைந்துவிட்டது.

துப்பாக்கியை எப்போதும் உடம்போடு வைத்திருக்க வேண்டும், வலது இடுப்பில், உறைக்குள், வெளியே தெரியாமல். வெர்னாவின் வகுப்புப் பிள்ளைகளோ காலையில் உள்ளே வரும்போது அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் தங்கள் இடத்துக்குப் போவார்கள். இதை ஹாலோவெலிடம் சொன்னாள். அவர் ஒரு வாரம் யோசித்துத் திட்டத்தின் கையேட்டில் ஒரு பக்கம் சேர்த்தார். அதன்படி இனி அணைப்புகள் இடதுபக்கத்திலிருந்து மட்டும் அனுமதிக்கப்படும். ஒவ்வொன்றும் மூன்று நொடிக்கு மிகாமல் இருக்க வேண்டும். கூடவே ஒரு படமும் இருந்தது. படத்தில் இருந்த பிள்ளை மிகவும் பயந்துபோனது போல இருந்தது.

பிள்ளைகள் இரண்டே நாளில் பழகிக்கொண்டார்கள். காலையில் இடதுபக்கம் வரிசை நிற்கும். "வலது பக்கம் போகாதே, அங்கதான் அது இருக்கு" என்று பெரிய வகுப்புப் பிள்ளைகள் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். ரகசியம் காக்க எழுதிய பக்கம், எந்த இடுப்பில் இருக்கிறது என்பதையும் பள்ளி முழுக்கச் சொல்லிவிட்டது. வெயில் ஏறிய பிறகும், துப்பாக்கியை மறைக்கிற கம்பளிச் சட்டையைக் கழற்ற முடியாமல் வெர்னா வியர்த்து வழிந்தாள்.

ராய்ஸ் டிம்மர்மனின் பேத்தி ஹாட்டியும் அந்த வகுப்புதான். ஒன்பது வயது, முன்பல் இரண்டும் பெரிசு, தாத்தாவின் குரல். ஒரு நாள் கணக்கை முடித்துவிட்டுக் கை தூக்கினாள். லிண்ட்குவிஸ்ட் என்ற பெயர் நீளம் என்று பிள்ளைகள் வெர்னாவை 'மிஸஸ் எல்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மிஸஸ் எல், மணி அடிச்சா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"ஒளிஞ்சுக்கற ஒத்திகைக்கு அடிக்கிற மணியா?"

"ஆமா. தாத்தா சொன்னாரு, நீங்க சத்தம் வர்ற பக்கம் போவீங்களாம்."

கையேட்டின் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் அப்படித்தான் இருந்தது. வெர்னா தலையாட்டினாள்.

"நீங்க போயிட்டா எங்களோட யாரு இருப்பாங்க?"

வகுப்பே நிமிர்ந்து பார்த்தது. விசாரித்துச் சொல்கிறேன் என்றாள் வெர்னா. மதியமே ஹாலோவெல் அறைக்குப் போனாள்.

"அருமையான கேள்வி" என்றார் அவர். கையேட்டைப் புரட்டினார். "இதோ. 'அருகிலுள்ள ஆயுதமற்ற பெரியவர் வகுப்பைப் பொறுப்பேற்பார்.' உங்களுக்கு அருகில... பாட்டு வாத்தியார்."

"அவர் செவ்வாயும் வியாழனும்தானே வர்றாரு?"

ஹாலோவெல் நாட்காட்டியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அப்ப செவ்வாய்க்கும் வியாழனுக்கும் திட்டம் முழுமையா இருக்கு."

ஒத்திகை ஒரு புதன்கிழமை நடந்தது.

ஊடுருவுகிறவராக ராய்ஸே நடிக்க முன்வந்தார். ஆரஞ்சு மேல்சட்டை, முதுகில் 'நான் நிஜமான ஆள் இல்லை' என்ற அட்டை, வாயில் ஒரு விசில். ஒரு விசில் என்றால் ஒரு குண்டு. வெர்னாவுக்கு அன்றைக்கு மட்டும் நீல நிறப் பிளாஸ்டிக் துப்பாக்கி. ஹாலோவெல் கையில் நேரம் பார்க்கும் கடிகாரமும் பத்து மதிப்பெண் போடுகிற படிவமும் இருந்தன.

பத்தேகாலுக்கு மணி அடித்தது. வெர்னா விளக்கை அணைத்தாள். இருபத்துமூன்று பேரும் வகுப்பின் பின்புறம் இருந்த, மேலங்கிகள் மாட்டுகிற சின்ன அறைக்குள் போனார்கள். மழைக்கோட்டுகளுக்கும் மதிய உணவுப் பெட்டிகளுக்கும் கீழே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒவ்வொரு ஒத்திகையிலும் வெர்னா அதில் முதுகைச் சாய்த்துக் காலைச் சுவரில் ஊன்றி உட்கார்ந்துகொள்வாள். அன்றைக்கும் உட்கார்ந்தாள்.

சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம் விசில் கேட்டது. ஒன்று. இரண்டு.

நாற்பத்தொன்றாம் பக்கம். வெர்னா எழுந்தாள். கைப்பிடியில் கை வைத்தாள்.

யாரும் அழவில்லை. யாரும் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் இவ்வளவு அமைதியாக இருந்து அவள் பார்த்ததில்லை. இருட்டில் ஏதோ உரசும் சத்தம் கேட்டது. சுவரோரமாக உட்கார்ந்திருந்த ஹாட்டி, மற்றவர்களின் கால்களைத் தாண்டி வந்து, வெர்னா உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தாள். முதுகைக் கதவில் சாய்த்துக் காலைச் சுவரில் ஊன்றினாள். கால் எட்டவில்லை. கொஞ்சம் சரிந்து ஊன்றிக்கொண்டாள்.

"போங்க, மிஸஸ் எல்" என்று கிசுகிசுத்தாள். "நான் பாத்துக்கறேன்."

வெர்னா பிளாஸ்டிக் துப்பாக்கியை ஒரு மழைக்கோட்டின் பைக்குள் போட்டாள். குனிந்து ஹாட்டியை அக்குளில் கை கொடுத்துத் தூக்கித் தன் வலது பக்கத்தில் உட்காரவைத்தாள். பிறகு கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

விசில்கள் நெருங்கி வந்தன. வகுப்பறைக் கதவு திறந்தது. கனமான பூட்ஸ் சத்தம் மேஜைகளைச் சுற்றி வந்து சின்ன அறைக்கு வெளியே நின்றது. கதவு ஒரு தடவை அழுந்தியது. வெர்னா காலை இறுக்கினாள். இன்னொரு தடவை அழுந்தியது.

"நான் கனம்தான், மிஸஸ் எல்" என்றது ஹாட்டியின் குரல். "நானும் தள்ளறேன். என்னைத் தாண்டி யாரும் வர முடியாது."

கதவின் அழுத்தம் நின்றது.

விசில் இன்னும் வாயில்தான் இருந்திருக்க வேண்டும். வெளியே நின்றவர் மூச்சு விடும்போதெல்லாம் அது மெல்லக் கீச்சென்றது. ஊதவில்லை. கீச். கீச்.  பிறகு பூட்ஸ் சத்தம் மெதுவாகத் திரும்பிப் போனது.

வெர்னாவுக்குப் பத்துக்குப் பூஜ்யம் கிடைத்தது.

அடுத்த வாரம் பள்ளி விட்டதும் நான்கு மணிக்குச் சிறப்புக் கூட்டம். ஹாலோவெல் காகிதங்களைத் தட்டி அடுக்கினார். "திட்டத்துல எந்தக் குறையும் இல்லைங்க. மணி சரியா அடிச்சுது. கையேடு சரியா இருந்துச்சு. ஊடுருவினவர்கூட நேரத்துக்கு வந்துட்டாரு. மனுஷங்க மட்டும்தான் திட்டப்படி நடந்துக்கல. காவலாசிரியர் தன் இடத்தை விட்டு நகரவே இல்லை. பிள்ளைகளோடயே உக்காந்துட்டாங்க." அதைச் சொல்லும்போது அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது.

வெர்னாவைப் பேசச் சொன்னார்கள். இந்தத் தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு, வலதுபக்கத் தாளில்தான் பெயர் எழுதியிருந்தாள்.

"நான் தப்பான தாள்ல கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றாள். "அன்னிக்கே சொல்லியிருக்கணும். எல்லாரும் கை தட்டினீங்க, சொல்ல முடியல. அதுக்காக மன்னிப்புக் கேட்டுக்கறேன். பிள்ளைங்களோட உக்காந்ததுக்குக் கேக்க மாட்டேன்."

கூடத்தில் சலசலப்பு. ஜோலீன் எழுந்தாள். ஆஸ்பத்திரி உடுப்பிலேயே வந்திருந்தாள்.

"நான் இப்பவும் துப்பாக்கி வேணும்னுதான் சொல்றேன்" என்றாள். "எதிர்த்து நிக்க ஒரு ஆள் வேணும். ஆனா என் பையன்கூட உக்கார இவங்க வேணும். ரெண்டு வேலைக்கும் ஒரே ஆளைப் போட்டா, அது எப்படிங்க?"

ஹாலோவெல் கையேட்டைப் புரட்டினார். ரொம்ப நேரம் புரட்டினார். பன்றிப் பண்ணைக்காரர் ஜோலீனைப் பார்த்துத் தலையசைத்தார், அவளும் அசைத்தாள். மற்றபடி அந்தக் கூடத்தில் யாரும் யாரோடும் ஒத்துப்போகவில்லை.

ராய்ஸ் கூட்டம் முழுக்க மைக்கைத் தொடவே இல்லை. கடைசியில் தீர்மானத்தை வாசிக்கும்போது மட்டும் பக்கத்தில் இருந்தவர் அதை நகர்த்தி வைத்தார். காவலாசிரியர் திட்டம் முழு வெற்றி என்று அறிவிக்கப்படுகிறது. அந்த வெற்றியை ஆராய ஏழு பேர் கமிட்டி அமைக்கப்படுகிறது. மிஸஸ் லிண்ட்குவிஸ்ட் நன்றியோடு விடுவிக்கப்படுகிறார். துப்பாக்கியைத் திருப்பி வாங்கப் படிவம் எதுவும் இல்லாததால், ஹாலோவெல் நூலகப் புத்தகம் திருப்பிக் கொடுக்கிற அட்டையில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் இன்னும் வெயில் இருந்தது. வெர்னா விடைத்தாள் கட்டைப் பின் இருக்கையில் வைத்துக்கொண்டிருந்தபோது ராய்ஸ் வந்தார். தொப்பி கையில் இருந்தது.

"வெர்னா, ஒரு நிமிஷம்."

"சொல்லுங்க, ராய்ஸ்."

"இது வாரியத் தலைவரா கேக்கலை." அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். மைக் இல்லாமல் அவருக்கு இவ்வளவு சின்னக் குரல் இருக்கிறது என்று வெர்னாவுக்குத் தெரியாது. "அந்த ரூம்ல ஹாட்டியைக் கதவுகிட்ட உக்கார வைக்காதே. கொஞ்சம் உள்ளே தள்ளி, சுவரோரமா வைக்க முடியுமா? ஒரே ஒரு பிள்ளைதானே. யாருக்கும் தெரியப் போறதில்ல."

"சுவரோரமாத்தான் உக்கார வச்சேன், ராய்ஸ். எப்பவுமே அங்கதான் அவ இடம்."

"அப்புறம் ஏன் கதவுகிட்ட இருந்தா? நான் தள்ளினப்ப அவ குரல் அங்கதானே கேட்டுது."

வெர்னா கார் கதவைச் சாத்தினாள். சொல்லலாமா என்று ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நான் எந்திரிச்சதைப் பாத்தா. கையேட்டுல இருக்கற மாதிரி கிளம்பிட்டேன்னு நினைச்சா" என்றாள். "கதவுகிட்ட யாராவது ஒரு பெரியவங்க இருக்கணும்ல? அதான் அவ வந்து உக்காந்தா."